மாத்தாள் கொடுத்த ரத்தம்

போன மாதம் ஓய்வுக்கான கடைசிக் காகிதங்களில் கையெழுத்துப் போட எங்கள் மருத்துவ ஆய்வின் விருதுநகர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு சின்ன மெஷினைக் காட்டினார்கள். ரத்தம் கொடுக்க வருகிறவர் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிகிறது, பெயரும் எண்ணும் திரையில் வருகிறது. இனி ஆள் மாற வழியில்லை. ஒரு பெண் கேட்டது, "அண்ணாச்சி, இது இல்லாத காலத்துல ஆளை எப்படிச் சரி பாத்தீங்க?"

"பேரைக் கேட்டுத்தான்" என்றேன்.

"தப்பு வராதா?"

ஒரு தப்பு வந்தது, அது நான் செய்தது என்று சொன்னேன். அப்படியே எழுதிக் கொடுங்கள், பயிற்சியில் வாசிக்க உதவும் என்றார்கள். எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது, ஆனால் கஷ்டத்தால் நிற்கவில்லை. ஒரே இடத்தில் உட்காரப் பிடிக்காது. போர்வெல் லாரியில் ஏறி ஒரிசா வரை போனேன். குஜராத்தில் முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றேன். கோயம்புத்தூரில் டீ ஆற்றினேன், தேங்காய் லோடு ஏற்றினேன், லாரி ஓட்டினேன். எந்த வேலையிலும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன். கடைசியாக மஞ்சள் காமாலையோடு ஊருக்கு வந்து ஆறு மாதம் படுத்திருந்தேன். எழுந்து நடமாடத் தொடங்கியபோது இந்த ஆய்வுக்கு வேன் டிரைவர் தேவை என்றார்கள். மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்றுதான் போனேன்.

ஆய்வை நடத்திய டாக்டர் சகுந்தலாதான் இன்டர்வியூ எடுத்தார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வெம்பக்கோட்டைக்கு எத்தனை வழி தெரியும் என்று கேட்டார். மூன்று சொன்னேன்.

"இதுல எந்த வழி கம்மியா குலுங்கும்?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எது சீக்கிரம் போகும் என்றுதான் கேட்பார்கள். யோசித்துச் சொன்னேன். வேலை கிடைத்தது.

எங்கள் வேலை இதுதான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஒரு நாளில் வருபவை அல்ல, வருஷக்கணக்கில் மெதுவாக வருபவை. வந்த பிறகு ஆளைச் சோதித்தால் எதனால் வந்தது என்று சொல்வது கடினம். அதனால் நல்ல உடம்போடு இருக்கும்போதே ஊர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் போட்டு ஆட்களைச் சேர்ப்பார்கள். என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார் என்று எழுதிக்கொண்டு, ரத்தம் எடுத்து உறைய வைப்பார்கள். பிறகு பல வருஷம் அவர்கள் பின்னாலேயே போவார்கள். யாருக்கு எது வந்தது என்று தெரிந்த பிறகு, வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள்.

இதை ஊர் ஊராக விளக்க வேண்டியிருந்தது. வெம்பக்கோட்டையில் ஒரு டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார், "ரத்தத்த ஐஸ்ல வச்சு எங்கன அனுப்புறீக? வெளிநாட்டுக்கா?" விருதுநகருக்குத்தான் என்றேன். "அம்புட்டுத் தூரந்தானா?" என்று அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் வேறு மாதிரி. ஊசி குத்தும்போதே, "நர்ஸம்மா, எங்க ரத்தத்துல வெடிமருந்துதான் ஓடுது, பெட்டிய உரசாமக் கொண்டு போங்க" என்பார்கள்.

இரண்டு வருஷத்தில் நான் பதிவு மேஜைக்கு வந்துவிட்டேன். அந்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். தப்பு அங்கேதான் நடந்தது.

முந்தின நாள் மாலை வீட்டுக்குப் போய் விவரம் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்குவது வேறொருவர் வேலை. மறுநாள் காலை ஆள் வெறும் வயிற்றோடு வந்து என் முன்னால் உட்காருவார். நான் பெயரைச் சொல்லக் கூடாது. "உங்க பேர் என்ன?" என்று கேட்க வேண்டும். கணவர் அல்லது அப்பா பெயர், வயது, கதவிலக்கம் எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பிறகு அடையாள அட்டையின் படத்தையும் முகத்தையும் பார்த்து, 'முகம் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அதன் பிறகே எண் அச்சடித்த ஸ்டிக்கரை உரித்துக் குழாய்களில் ஒட்டலாம். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரை பார்க்க. சிவப்பு மூடியை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, உறைந்ததும் மெஷினில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரைச் சின்னக் குப்பிகளில் பிரிப்போம். அவை ஐஸ் பெட்டியில் விருதுநகர் போய், மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் அடுக்கப்படும். குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த எண் யாருடையது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி பதிவு மேஜையில் இருந்தவன்.

டாக்டர் சகுந்தலா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நம்மை உட்காரச் சொல்வார். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்பார். நடுவில் ஒரே கேள்விதான்: "இது நீங்க பாத்ததா, நெனச்சதா?" நினைத்தது என்று சொன்னால் அந்த வரியை எழுதமாட்டார். சில நாள் அரை மணி நேரம் பேசியிருப்போம், தாளில் இரண்டு வரி இருக்கும். அதைப் பார்ப்பதற்குத் திட்டு வாங்குவது மேல்.

அந்தக் காலை ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் முகாம். தீபாவளி சீசன். ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும் என்பதால் ஐந்து மணிக்கே சமுதாயக்கூடத்தில் மேஜை போட்டோம். கரண்ட் இல்லை. இருந்த ஒரு விளக்கை நர்ஸ் பக்கம் வைத்துவிட்டு நான் டார்ச்சோடு உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கத்துப் பெண்களில் சிலர் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். நாம் வாசித்தால் தலையாட்டுவார்கள். முதலில் புருஷன் பெயரை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். வரிசை நீண்டது. "அண்ணாச்சி, வேன் போயிட்டா இன்னைக்கு வேலை போச்சு, வெரசா விடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆளின் பெயரையும் நானே வாசிக்க ஆரம்பித்தேன்.

"குருவம்மாளா?"

"ஆமா."

"வீட்டுக்காரரு முனியாண்டியா?"

"ஆமா."

முக்காடு போட்டிருந்தார். அட்டைக்கு டார்ச் அடித்தேன், முகத்துக்கு அடிக்கவில்லை. பெண்கள் முகத்தில் வெளிச்சம் அடிப்பது மரியாதை இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. அவசரம், அவ்வளவுதான். டிக் போட்டேன், ஸ்டிக்கர் ஒட்டினேன்.

குருவம்மாளுக்குச் சர்க்கரை நிறைய இருப்பதாக முடிவு வந்தது. வயது முப்பத்தைந்துகூட இல்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சீட்டுப் போட்டு, எங்கள் நர்ஸ் மாதாமாதம் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். குருவம்மாள் வேலைக்குப் போயிருப்பார், புருஷன் வாங்கி வைப்பார். திரும்பச் சோதனைக்கு வரச் சொன்னால் லீவு இல்லை என்று பதில் வரும். இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அடுத்த சுற்று முகாமை, வேன் பிரச்சினை வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். குருவம்மாள் வந்து ரத்தம் கொடுத்தார். சர்க்கரை துளிகூட இல்லை. சுகாதார நிலைய டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் எப்படிக் குணமாகிறது பாருங்கள் என்று நான் நாலு ஊரில் அவரை உதாரணம் காட்டினேன்.

நாலு மாதம் கழித்து டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய குப்பியும் புதுக் குப்பியும் ஒரே ஆளுடையதுதானா என்று சிலவற்றை எடுத்துச் சோதிப்பது வழக்கம். குருவம்மாளின் எண்ணில் இருந்தவை இரண்டு வேறு வேறு பெண்களின் ரத்தம்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முகாம், டார்ச், வரிசை எல்லாம். "அப்புறம் குருவம்மாள் பேரைச் சொன்னாங்க" என்றேன்.

"அவங்க சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"நான் சொன்னேன். அவங்க ஆமான்னாங்க."

"முகம்?"

"பாக்கல டாக்டர். டிக் போட்டுட்டேன்."

அதை எழுதிக்கொண்டார். அன்று காலை எத்தனை பேருக்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். அப்படியானால் அந்தக் காலையின் எல்லாக் குப்பிகளையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும், ஒவ்வொரு வீடாகப் போய்ச் சரிபார்க்காமல் ஒன்றையும் தொட முடியாது என்றார். ஒரு காலை முகாமின் உழைப்பு போச்சு. என் வேலையும் போகும் என்று எதிர்பார்த்தேன். பயமில்லை. விட்ட வேலைகளின் பட்டியல் என்னிடம் நீளமாகவே இருந்தது. ஆனால் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று சொன்னார்.

"உங்க வேலையை அப்புறம் பேசுவோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு அந்த மேஜைக்கு வந்தா. அவளுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகம். இன்னிக்கு வரைக்கும் அது அவளுக்குத் தெரியாது. அவளைக் கண்டுபிடிங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வு வேனை எடுத்துக்கொண்டு போனேன். குருவம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஒட்டின வீட்டுச் சுவரோரம் கோழிகள் மேய்ந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

"நாந்தான குடுத்தேன்" என்றார், அலசுவதை நிறுத்தாமல்.

"முத தடவை நீங்க இல்லம்மா. ரத்தமே சொல்லிருச்சு."

"ரத்தம் பேசுதாக்கும். நல்ல மிஷினு வச்சிருக்கீக."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். "தப்பு உங்க மேல இல்ல. அன்னைக்கு உங்க பேரைக் கேக்காம நானே வாசிச்சேன். முகத்தைப் பாக்காம, பாத்ததா எழுதினேன். அதை எங்க டாக்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

அப்போதுதான் துணியைக் கீழே போட்டார்.

"கம்பெனிக்குப் போக முடியாட்டி மாத்தாள் அனுப்புறதில்லையா?" என்றார். "நம்ம பேரு குறையக் கூடாது, அம்புட்டுத்தான். அன்னைக்கு எங்க கம்பெனி வேன் மத்த வேனுக்கு முன்னால ஆறு மணிக்கே வந்துருச்சு. நீங்க வரச் சொன்னீக, கையெழுத்தும் போட்டுட்டேன், வராம இருந்தா மரியாதையா? அதான் ஆள் அனுப்புனேன்."

அந்தப் பகுதியில் அது புதிதல்ல. சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் தங்கச்சியையோ பக்கத்து வீட்டுக்காரியையோ தன் பெயரில் அனுப்புவது உண்டு. எங்காவது விபத்து நடக்கும்போதுதான் அது வெளியே தெரியும். இறந்தவர் என்று பெயர் வாசிக்கப்பட்டவர் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பதிவு மேஜைக்கு ஒரு மாத்தாள் வரக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாரை அனுப்புனீங்க? அவுகளுக்குத்தான் சர்க்கரை. மருந்து சாப்பிடாம இருந்தா ஆபத்து."

"சாப்பிடாம இருந்தாளா?" என்று எழுந்துவிட்டார். "சீட்டு வந்த அன்னைக்கே எங்களுக்குத் தெரியாதா, அது யாரு சர்க்கரைன்னு? மாசாமாசம் மாத்திரை அட்டைய வாங்கி அவ கையிலதான் குடுத்தேன். மாத்திரை யாருக்குப் போகணுமோ அவளுக்குத்தான் போச்சு. என் ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, நல்லாயிருச்சுன்னு நிறுத்துனது நீங்கதான."

இரண்டு வருஷமாக எங்கள் பதிவேட்டில் எல்லாம் தப்பாக இருந்தது, அந்த இரண்டு வீட்டுக்குள் எல்லாம் சரியாக நடந்திருந்தது. நாங்கள் பதிவேட்டை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தோம்.

ஒட்டின வீட்டிலிருந்து ஒரு பெண் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். குருவம்மாளின் ஓரகத்தி, முனியாண்டியின் தம்பி மனைவி. காளீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் முகாம் நடந்த வாரம் அவர் வேலை பார்த்த கம்பெனி மூடிக் கிடந்ததால் வீட்டில் இருந்திருக்கிறார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. பட்டாசு ரூமுக்குள் செருப்பு போடக் கூடாது. கல் குத்தின புண் ஆறவில்லை என்றார். மாத்திரை நின்ற பிறகு கடையில் ஒரு அட்டை வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார்.

"நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமேம்மா."

"போயி? நான் பட்டாசுக்கு மருந்து செலுத்துற ரூம்ல இருக்கேன். சுகர்க்காரின்னு தெரிஞ்சா தலை சுத்தி விழுவான்னு ஃபோர்மேன் வெளிய அனுப்பிருவாரு. அக்காவுக்குத் திரி வெட்டுற வேலை, அவுக பேர்ல இருந்தா ஒண்ணுமில்ல." பிறகு என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். "என் பேரை எழுதிறாதீக அண்ணாச்சி."

நோட்டை மூடினேன். டாக்டருக்குப் போன் போட்டு, பெயர் சொல்லாமல், காலைப் பற்றி மட்டும் சொன்னேன். "துணியைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். சுண்டுவிரல் கறுத்திருந்தது. சொன்னேன். அங்கேயே இருங்கள், நானே வருகிறேன் என்றார்.

விருதுநகரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். காளீஸ்வரியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். "இந்த விரல் போயிரும். இன்னிக்கே வந்தா விரலோட நிக்கும். அடுத்த வாரம்னா பாதத்துக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றார். அழுத்தாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"கம்பெனியில கேப்பாகளே."

"உங்க கம்பெனிக்கு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். அது எங்க சட்டம். ஆனா மருந்து ரூம்ல உங்களுக்குத் தலை சுத்துனா என்ன ஆகும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

காளீஸ்வரி ஓரகத்தியைப் பார்த்தார். குருவம்மாள், "சேலைய மாத்திட்டு வா. நாளைக்கு உன் வேலைக்கு நான் போறேன்" என்றார். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே காலில் துணியைத் திரும்பச் சுற்றினார். வேனில் ஏற்றினோம். குறைவாகக் குலுங்கும் வழியில் போனேன்.

விரல் போனது. கால் தப்பியது. மூன்று வாரம் கழித்து மாத்திரைச் சீட்டு முதல் தடவையாக அவர் பெயரிலேயே போடப்பட்டது. வேலைக்குத் திரும்பியபோது அவரே ஃபோர்மேனிடம் கேட்டுப் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டார். கூலி குறைச்சல்.

குப்பிகள் பாக்கி இருந்தன. காளீஸ்வரியின் ரத்தம் நாலு குப்பிகளில் குருவம்மாளின் எண்ணோடு ஃப்ரீசரில் இருந்தது. சம்மதக் கையெழுத்து குருவம்மாளுடையது. காளீஸ்வரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார். ஒரு மாத்திரைகூடப் போடுவதற்கு முன்னால், இவ்வளவு சின்ன வயதில், இவ்வளவு சர்க்கரையோடு எடுத்த ரத்தம் எங்களிடம் அதிகம் இல்லை, இருந்தால் ஆராய்ச்சிக்கு உதவும் என்றார். சம்மதித்தால் வைத்துக்கொள்வோம், வேண்டாமென்றால் அழித்துவிடுவோம். எது சொன்னாலும் மாத்திரையும் மருத்துவமும் நிற்காது என்றும் சொன்னார்.

"அழிச்சிருங்க" என்றார் காளீஸ்வரி.

டாக்டர் சரி என்றார். இரண்டாவது தடவை கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேனில், "நல்லா விளக்கியிருந்தா ஒத்துக்கிட்டு இருப்பாங்க டாக்டர்" என்றேன். "ஒரு தடவை அவங்களைக் கேக்காமலே எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. பதிவு மேஜையிலிருந்து எடுத்தார்கள். முதலில் அந்தக் காலை வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் போய் அவரவர்தானா என்று சரிபார்த்து முடித்தேன். இன்னும் இரண்டு மாத்தாள்கள் கிடைத்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் நல்ல உடம்போடு இருந்தார்கள். அதன் பிறகு, ஊரை விட்டுப் போன உறுப்பினர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். திருப்பூர், கேரளா, செங்கல் சூளை என்று அலைந்தேன். எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். எந்த வாசலிலும் பெயரை நான் முதலில் சொன்னதில்லை.

குப்பிகளை அழிக்கும்போது சாட்சியாக நான் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே நேராக ஊருக்குப் போனேன். ஓரகத்திகள் இரண்டு பேரும் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அழிச்சாச்சா?" என்றார் காளீஸ்வரி.

"அழிச்சாச்சும்மா. நாலு குப்பியும். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"எம்புட்டு இருந்துச்சு?"

சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். "ஒவ்வொண்ணும் இம்புட்டு."

அவர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். "இம்புட்டத்தானா அந்தம்மா வேணும்னாக?" என்றார். பிறகு, "மடியில காலைத் தூக்கி வச்சாகளே. வேணும்னா இப்ப புதுசா எடுத்துக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைன்னா நானே வாரேன்."

அது முடியாது என்று விளக்கினேன். போனவை மாத்திரைக்கு முன்னால் எடுத்தவை, இனி அப்படி எடுக்க முடியாது; பட்டியலில் இருப்பவை குலுக்கலில் விழுந்த பெயர்கள்தான், ஆசைப்பட்டவரைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும், அந்த வீட்டில் விழுந்தது குருவம்மாள் பெயர்.

காளீஸ்வரி ஓரகத்தியின் பக்கம் திரும்பினார். "அப்ப அக்கா பேர்லயே வந்துறட்டா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். குருவம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெங்காயத்தாலும் இருக்கலாம். நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தேன். காளீஸ்வரி உள்ளே போய்ச் சாயங்கால மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து, அட்டையை என்னிடம் காட்டினார். இன்னும் ஒன்பது நாளுக்கு இருந்தது.